தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு ஏன் வருகிறார்கள், வந்தால் என்ன கிடைக்கும்? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர், திருமயம் சுற்றுவட்டாரத்தில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேரலாமா என்று யோசிப்பவர்களும், கையில் பணி ஆணையோடு நிற்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை மட்டும்தான் இங்கே பேச்சு.

"எனக்குப் பிள்ளைகள் என்றால் உயிர்." இது போதுமா?

ஜூன் மாதத்துக்குப் போதும். ஆடி பிறப்பதற்குள் முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் "டீச்சர், இவன் என் பென்சிலை எடுத்துட்டான்" என்று எழுந்து நிற்பார்கள். பிரியத்தை மட்டும் நம்பி வந்தவருக்கு மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அது தீர்ந்துபோகும்.

அரசாங்க வேலை, வீட்டுக்குப் பக்கம், மே மாத விடுமுறை, அம்மாவும் டீச்சர் என்று வருபவர்கள் உண்டு. இவற்றில் எதுவும் வெட்கப்பட வேண்டிய காரணம் இல்லை. ஆனால் இருபது வருடம் கழித்தும் வேலையைச் சலிக்காமல் பார்ப்பவர்களிடம் கூடவே இன்னொன்று இருக்கும்: ஒரு பிள்ளை ஏன் தப்பாகப் போட்டது என்று தெரிந்துகொள்ளும் ஆசை. சரியான விடை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான். தப்பான விடை ஆளுக்கு ஒரு வழியில் வருகிறது. அந்த வழியைக் கண்டுபிடிப்பதில் உங்களுக்கு ருசி இருந்தால் இந்த வேலை பிடிக்கும்.

சேர்வதற்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். அக்கம்பக்கத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை உட்கார வைத்துப் பத்துக் கழித்தல் கணக்கு கொடுங்கள். திருத்தாதீர்கள், வாயைத் திறக்காதீர்கள். விரல் எங்கே போகிறது, எந்த இடத்தில் பென்சில் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். அரை மணி நேரம் முடிந்ததும் "அட, இதனால்தானா!" என்று தோன்றினால் வாருங்கள். "இதுகூடவா தெரியாது" என்று கை பரபரத்தால் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள்.

என்ன படிக்க வேண்டும்?

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு 2 ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வின் தாள் 1: 150 வினா, 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் ஒவ்வொன்றிலும் 30. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எனவே எதையும் விடாமல் எழுதிவிடுங்கள். இது தகுதி மட்டுமே. அரசுப் பணிக்கு இதற்கு மேல் ஒரு போட்டித் தேர்வு உண்டு. இடைநிலை ஆசிரியர் (1 முதல் 5 வகுப்பு ஆசிரியருக்கு அரசு வைத்திருக்கும் பெயர்) பணியிடங்களுக்கு அந்தத் தேர்வு 2024 ஜூலை 21-இல் நடந்தது.

பி.எட். மட்டும் முடித்தவர்கள் 1 முதல் 5 வகுப்புக்கு வர முடியாது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாக்கிவிட்டது. 2025 செப்டம்பர் 1 தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வு பெற 5 ஆண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டிய நிலை வந்திருக்கிறது. ஆகவே "வேலையில் சேர்ந்தபின் எழுதிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

சம்பளம்?

அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி எல்லாம் அதற்கு மேல். ஒரு முடிச்சு இருக்கிறது: 2009 ஜூன் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு அடிப்படை ஊதியம் 5,200 ரூபாய், அதற்கு முந்தின நாள்வரை சேர்ந்தவர்களுக்கு 8,370 என்று அப்போது வந்த வேறுபாடு. "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று சென்னையில் போராட்டத்தில் உட்காருகிறார்களே, அவர்கள் கேட்பது இதைத்தான். ஓய்வறைப் பேச்சில் பாதி இதைப் பற்றியே இருக்கும் என்பதால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தனியார் பள்ளிகளில் சம்பளம் நிர்வாகத்தைப் பொறுத்தது. சேருமுன் எழுத்தில் வாங்குங்கள்.

செட்டிநாட்டுப் பக்கப் பள்ளிக்கூடங்களில் என்ன தனி?

வெளியூர்க்காரர்கள் கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீதிகளின் பெரிய வீடுகளைப் பார்த்துவிட்டு இது பணக்கார ஊர், பிள்ளைகளும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். அந்த வீடுகளில் பல, வருடத்தின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். ஊர்ப் பள்ளிக்கு வருபவை அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துப் பிள்ளைகள், கொத்தனார், தச்சர், ஓட்டுப்பட்டறைத் தொழிலாளி, கல்யாணச் சமையல்காரர், விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள். இப்போது வடநாட்டுத் தொழிலாளர் பிள்ளைகளும் ஒன்றிரண்டு சேர்கிறார்கள்.

நகரத்தார் குடும்பங்கள் தொடங்கிய அரசு உதவி பெறும் பள்ளிகள் இந்தப் பக்கம் நிறைய. ஒன்றியப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் பாடப்புத்தகம் ஒன்று, வட்டாரக் கல்வி அலுவலரின் ஆய்வும் ஒன்று. நியமனம் மட்டும் வேறு: உதவி பெறும் பள்ளியில் நிர்வாகம் நியமிக்க, அரசு ஒப்புதல் தந்து சம்பளம் தருகிறது.

எப்போது வகுப்பு காலியாகும் என்பதையும் ஊர்க் காலண்டர்தான் சொல்லும். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாலும் சிராவயல் மஞ்சுவிரட்டு முடியும் வரை முழு வருகை இருக்காது. தைப்பூசத்தை ஒட்டிப் பழனிப் பாதயாத்திரை. மாசி–பங்குனியில் காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா. நல்ல முகூர்த்த நாளில் அப்பா அம்மா இருவரும் பந்தி வேலைக்குப் போனால், வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளை நின்றுவிடும். புதுப் பாடத்தை அந்த நாள்களில் தொடங்கினால் திரும்பவும் நடத்த வேண்டிவரும். அந்த வாரங்களுக்குத் திருப்புதலையும் கைவேலையையும் ஒதுக்கி வைப்பது உத்தமம்.

இரண்டே ஆசிரியர், ஐந்து வகுப்பு. எப்படி நடத்துவது?

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவருக்கு அலுவலகக் கூட்டமும் உண்டு என்பதால் சில நாள் நீங்கள் ஒருவர்தான். வழக்கமான பிரிப்பு: 1, 2, 3 ஒருவரிடம், 4, 5 இன்னொருவரிடம்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இங்கே கைகொடுக்கிறது. அது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. எழுத்தே தெரியாதவர் அரும்பு, வகுப்புக்குரிய நிலையை எட்டியவர் மலர். மூன்று வகுப்பையும் ஒரே பாயில் உட்கார வைத்து, பாட்டையும் கதையையும் எல்லோருக்கும் சேர்த்து 15 நிமிடம் நடத்துங்கள். பிறகு நிலைவாரியாகப் பிரித்து 25 நிமிடம்.

எங்கே சறுக்குகிறது என்றால், மலர்ப் பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு "டீச்சர், முடிச்சிட்டேன்" என்று ஓடிவருவார்கள். அரும்புப் பிள்ளை சத்தமே இல்லாமல் சிலேட்டில் கோழி வரைந்துகொண்டிருக்கும். கேட்பவருக்கே நேரம் போய்விடும். அதனால் பிரித்தவுடன் முதலில் அரும்புக் குழுவில் உட்காருங்கள், நாற்காலியில் அல்ல, பாயில். மலர்க் குழுவுக்கு விடைத்தாளைச் சுவரில் கவிழ்த்து ஒட்டிவிட்டால் தாங்களே திருத்திக்கொள்வார்கள். கடைசி 5 நிமிடம் மறுபடியும் அரும்பு.

"குட்டி டீச்சர்" வைப்பது நல்ல ஏற்பாடு, 10 நிமிடத்துக்கு மேல் போகாதவரை. ஒரே பிள்ளையை நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விட்டால் அந்தப் பிள்ளையின் படிப்பு நின்றுவிடும். அதன் அம்மா வந்து கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

பிள்ளை படிக்கத் தொடங்கும் நாள்தான் பெரிய சந்தோஷம் என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

ஒரே நாளில் நடப்பதில்லை. பல மாத வேலையின் கடைசிப் படி மட்டும்தான் வெளியே தெரிகிறது. எந்தப் படியில் எது இடறும் என்று தெரிந்தவருக்குத்தான் அந்த நாள் கண்ணில் படும். எனவே படிகளைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில் காது. எழுத்தைக் காட்டாமல் "பட்டம்" என்று சொல்லி முதல் ஒலி எது என்று கேளுங்கள். இரண்டு வாரமாவது வாய்ப்பேச்சாகவே போகட்டும்.

அடுத்து, எழுதச் சுலபமான எழுத்துகள்: ட, ப, ம, ய. கூடவே ட், ம். இவற்றிலேயே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். அகர வரிசையில் அ, ஆ என்று தொடங்கினால் பன்னிரண்டு எழுத்து முடிந்த பிறகும் பிள்ளையால் உருப்படியாகச் சொற்கள் வாசிக்க முடியாது.

இங்கே ஒரு பழைய பழக்கம் குறுக்கே நிற்கும். வீட்டில் அப்பத்தா "பானா, டானா, இம்மன்னா" என்று சொல்லிக்கொடுத்திருப்பார். பிள்ளை அப்படியே "பானா டானா இம்மன்னா" என்று கூட்டும்; கூட்டினால் "படம்" வராது. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. வகுப்பில் ஒலியை மட்டும் சொல்லுங்கள். அப்பத்தாவைத் திருத்தப் போகாதீர்கள். பிள்ளை இரண்டையும் வைத்துக்கொள்ளும்.

பிறகு குறிகள். கால், கொக்கி பெரும்பாலும் தகராறு செய்யாது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரச் சங்கிலி மூன்றும் எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் போகும் பிள்ளை "பெ" என்பதை "எப்" என்று வாசிப்பது அதன் முறைப்படி சரி. அதைத் திட்டக் கூடாது. எழுத்தைக் கறுப்பிலும் கொம்பைச் சிவப்பிலும் எழுதி, "கறுப்பில் விரல் வை, பிறகு சிவப்பைப் பார்" என்று ஒரு வாரம் பழக்கினால் சரியாகிவிடும்.

உண்மையான மேடு உகரம். கால் எல்லா எழுத்துக்கும் ஒன்று. உகரத்துக்கோ எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிறது. பதினெட்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யவைத்தால் பிள்ளை களைத்துவிடும். மூன்று குடும்பமாகப் பிரியுங்கள்: கீழே நேர்கோடு இறங்குபவை ஙு, சு, பு, யு, வு, பின்னால் சுழித்து மேலே ஏறுபவை ஞு, ணு, து, நு, லு, று, னு, மற்றவை கு, டு, மு, ரு, ழு, ளு. ஐந்து, ஏழு, ஆறு. ஙு, ஞு இரண்டையும் ஒதுக்கிவைக்கலாம், அவற்றுக்குச் சொல்லே இல்லை.

இந்த மேட்டைத் தாண்டிவிட்டதா என்று பார்க்கத் தாள் தேவையில்லை. பேருந்துப் பலகை போதும். "காரைக்குடி" என்ற ஒரு பெயருக்குள் கால், ஐகாரச் சங்கிலி, புள்ளி, உகரம், கொக்கி ஐந்தும் இருக்கின்றன. யாரும் சொல்லாமல் ஒரு பிள்ளை அதை வாய்விட்டு வாசித்தால், ஐந்து படியும் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். "தேவகோட்டை" பின்னால் வரும்: கோ-வுக்கு முன்னும் பின்னும் குறி இருப்பதால் கண் இரண்டு தடவை போய்வர வேண்டும். நிறுத்தத்தில் நிற்கும் மற்றவர்களுக்குப் பிள்ளை ஊர்ப் பெயர் சொன்னதாக மட்டும் தெரியும். அது கோ-வில் ஒரு நொடி நின்று தாண்டியது ஆசிரியருக்கு மட்டும் தெரியும். இந்த வேலையில் கிடைப்பது என்ன என்று கேட்டால், இதுதான்.

கணக்கிலும் அப்படி ஏதாவது உண்டா?

கணக்கில் இன்னும் ருசி. இரண்டு உதாரணம்.

52-இலிருந்து 37-ஐக் கழிக்கச் சொல்கிறீர்கள். இரண்டு பிள்ளைகள் 25 என்று எழுதுகிறார்கள். சரியான விடை 15. சிவப்புப் பேனாவால் இரண்டுக்கும் பெருக்கல் குறி போட்டு நகர்ந்தால் வேலை முடிந்தது. ஆனால் இது ஒரு தப்பா, இரண்டு தப்பா?

முதல் பிள்ளை 2-இலிருந்து 7 போகாது என்று திருப்பிப் போட்டு, 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 எழுதியது. இரண்டாவது பிள்ளை முறையாகக் கடன் வாங்கி, 12-இலிருந்து 7 போக 5 என்று எழுதியது. ஆனால் பத்தாமிடத்து 5-ஐ 4 ஆக்க மறந்துவிட்டது. இரண்டு பேருக்கும் பத்தாமிடத்தில் 5-இலிருந்து 3 போக 2. விடை ஒன்று, தப்பு வேறு வேறு. முதல் பிள்ளைக்குக் கடன் வாங்குவது என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டாவதுக்குத் தெரியும், கை மறந்தது.

பிரித்துப் பார்க்க 64-இலிருந்து 28 கொடுங்கள். திருப்பிப் போடும் பிள்ளை 44 எழுதும். குறைக்க மறக்கும் பிள்ளை 46 எழுதும். சரியான விடை 36. முதல் பிள்ளைக்கு ஈர்க்குச்சிக் கட்டு வேண்டும்: பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஆறு கட்டு, நான்கு உதிரி. "பக்கத்து ஆளுக்கு 28 கொடு" என்றால் ஒரு கட்டை அவிழ்க்காமல் கொடுக்க முடியாது. அந்த அவிழ்ப்புதான் கடன் வாங்கல். இரண்டாவது பிள்ளைக்குக் குச்சி வேண்டாம். கடன் வாங்கிய உடனே பழைய எண்ணை அடித்துப் புதியதை மேலே எழுதும் பழக்கம் வந்தால் போதும். "பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்கணும்" என்று முதல் வகுப்பில் நாமே சொல்லியிருப்போம். முதல் பிள்ளையின் தப்புக்கு வித்து அங்கே இருக்கிறது.

இரண்டாவது, 9. எண்பது, எண்ணூறு, எண்ணாயிரம் என்று 8 வரை ஒழுங்காக வரும் பெயர், 9-இல் ஓரிடம் தள்ளிவிடுகிறது: 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம். 90-இன் பெயருக்குள் நூறு கேட்கிறது, 900-இன் பெயருக்குள் ஆயிரம் கேட்கிறது. "தொண்ணூற்று ஐந்து" என்றால் 905 என்றும், "தொள்ளாயிரம்" என்றால் 9000 என்றும் எழுதும் பிள்ளை காதை நன்றாகவே பயன்படுத்துகிறது. விளக்கம் சொல்லிக் குழப்பாமல், 9, 90, 900, 9000 நான்கையும் ஏணிபோல் எழுதிப் பக்கத்தில் பெயரை எழுதிச் சுவரில் மாட்டுங்கள். 5-ஆம் வகுப்பு வரை அது அங்கேயே தொங்கட்டும்.

முந்திரி என்ற 1/320 வரை எண்சுவடியை வாய்ப்பாடாக ஒப்பித்துவிட்டுக் கடைக்குப் போன பிள்ளைகளின் ஊர் இது. இப்போது கால், அரை, முக்காலோடு நிறுத்திக்கொள்கிறோம். மாகாணி 1/16 என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் ஆசையாகக் கேட்கும். பரீட்சைக்கு உதவாது, பாதியின் பாதி என்று நான்கு முறை மடிக்கக் காகிதம் கொடுத்தால் பின்னத்துக்கு உதவும்.

உள்ளூர்ப் பொருள்களைப் பாடத்தில் எப்படிப் புகுத்துவது?

தரையில் பதிக்கும் ஆத்தங்குடி ஓடு ஒன்று இருந்தால் ஒரு மாதப் பாடம் இருக்கிறது. 8 அங்குலச் சதுர ஓட்டில் பெரும்பாலும் கால் பூ இருக்கும். நான்கு ஓட்டைச் சேர்த்தால் ஒரு பூ. ஓட்டைத் திருப்பி வைத்தால் பூ கெட்டுவிடும். எப்படித் திருப்பினால் சேரும் என்று பிள்ளைகளே நகர்த்திப் பார்க்கட்டும். சமச்சீரும் கால் பின்னமும் ஒரே வேலையில் முடிந்தன. 5-ஆம் வகுப்புக்கு: 10 அடிக்கு 10 அடி அறைக்கு எத்தனை ஓடு? 120 அங்குலத்தை 8-ஆல் வகுத்தால் 15, 15 பெருக்கல் 15, 225. ஓடு பதிக்கும் அப்பா இருந்தால் "உடையறதுக்கும் சேர்த்து வாங்கணும் டீச்சர்" என்று பிள்ளை சொல்லும். அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தை அங்கிருந்து தொடருங்கள்.

உடைந்த ஓடு வேண்டாம், கூர்முனை. அச்செடுத்துக் கனமான அட்டையில் வெட்டிக்கொள்வது நல்லது. பட்டறைக்குக் கூட்டிப் போவதானால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கண்ணாடித் தட்டில் வண்ணக் கலவையை ஊற்றும் இடத்தைத் தள்ளி நின்று காட்டுங்கள். ஈர சிமெண்டு பிள்ளைகள் கையில் படக் கூடாது.

கொட்டான் (ஓலைக் கூடை) முடைவதில் ஒன்று மேலே ஒன்று கீழே என்ற ஒழுங்கு இருக்கிறது: ஒற்றைப்படை, இரட்டைப்படைக்கு அதைவிடத் தெளிவான சாமான் கிடையாது. ஊருணியை வைத்து மழைநீர்ப் பாடம் நடத்தலாம். வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது என்று நடந்து காட்டுங்கள். படித்துறைக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள், எத்தனை பேர் துணைக்கு வந்தாலும்.

காலை உணவு வந்த பிறகு என்ன மாற்றம்?

2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. வகுப்பறைக் கணக்கில் பலன் நேரடியானது: முன்பெல்லாம் பதினொரு மணிக்குத் தலை சாய்க்கும் பிள்ளை இப்போது மத்தியானம்வரை தாங்குகிறது. அதனால் கடினமான பாடத்தைக் காலையிலேயே நம்பிக்கையாக வைக்கலாம். ஒரு கவனம்: பரிமாறுவதும் கை கழுவுவதும் இழுத்து முதல் பாடவேளையைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை கழுவ வரிசையை இரண்டாகப் பிரித்தாலே போதும்.

அடிக்காமல் அடக்க முடியுமா?

கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடலையும் மனதையும் வருத்தும் தண்டனை இரண்டையும் தடை செய்கிறது. "ரெண்டு போடுங்க டீச்சர், நான் கேக்க மாட்டேன்" என்று அம்மாக்களே சொல்வார்கள்; அந்த அனுமதிக்கு மதிப்பில்லை. சத்தம் அதிகமாகிறது என்றால் பெரும்பாலும் வேலை முடிந்து சும்மா இருக்கிறார்கள், அல்லது வேலை புரியவில்லை. குரலை உயர்த்தினால் அவர்களும் உயர்த்துவார்கள். தாழ்ந்த குரலில் ஒரு கதையின் முதல் வரியைத் தொடங்கிப் பாருங்கள். முன்வரிசை பின்வரிசையை அடக்கிவிடும்.

பெற்றோர் ஒத்துழைப்பார்களா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்பது சட்டம். கூட்டத்துக்கு வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், பேச மாட்டார்கள். பேச்சு வாசலில்தான் நடக்கும். கொண்டுவந்து விடுவது அப்பத்தாவாக இருந்தால் "என்ன ஆத்தா, நேத்து ராத்திரி தூங்குனானா?" என்று கேளுங்கள். வீட்டு நிலவரம் முழுக்க இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். குறை சொல்வதற்காக மட்டும் கூப்பிட்டால் அடுத்த முறை வர மாட்டார்கள். முதல் தடவை ஒரு நல்ல சேதிக்காகக் கூப்பிடுங்கள்.

எழுத்து வேலை கழுத்தை நெரிக்கும் என்கிறார்களே?

ஆமாம். வருகைப் பதிவு செயலியில், மாணவர் விவரம் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில், இலவசப் பொருள்கள் கணக்கு, மதிப்பீட்டுப் பதிவு, தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலை. இதைப் பற்றி ஆசிரியர்கள் புலம்புவதில் பெரும்பாலும் நியாயம் இருக்கிறது. பாடவேளையில் கைபேசியை எடுக்காமல் காலை வழிபாடு முடிந்ததும் ஒரேயடியாகப் பதிந்துவிடுவது மட்டுமே உருப்படியான வழி.

விருது, அங்கீகாரம்?

செப்டம்பர் 5-இல் தரப்படும் டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரிலான மாநில நல்லாசிரியர் விருது இருக்கிறது. கிடைத்தால் சந்தோஷம். அதற்காகக் கோப்பு சேர்க்கத் தொடங்குபவர்கள் புகைப்படம் எடுப்பதில் நேரத்தைத் தொலைக்கிறார்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். (அந்த ராதாகிருஷ்ணன்தான் 1953 ஜனவரியில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தைத் திறந்துவைத்தவர். 5-ஆம் வகுப்புக்குச் சொன்னால் ஆய்வகத்தைக் கடக்கும்போது நினைவு வைத்துக்கொள்வார்கள்.)

பலன் எப்போது தெரியும்? வருடக்கணக்கில் ஆகுமா?

பழைய மாணவன் டாக்டராகி வந்து காலில் விழுவதைத்தான் பலன் என்று நினைத்தால் இருபது வருடம் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் வர மாட்டார்கள். சின்ன ஊர்ப் பிள்ளைகள் திருப்பூருக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார்கள்.

வாரத்துக்கு ஒன்று தெரிய வேண்டுமானால் ஒரு 80 பக்க நோட்டு போடுங்கள். பிள்ளைக்கு இரண்டு பக்கம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஐந்து பிள்ளைகளைப் பற்றி மட்டும் ஒரு வரி: "டு-வை மு என்கிறது", "கடன் வாங்குகிறது, குறைக்க மறக்கிறது". "நன்று", "முன்னேற்றம் தேவை" என்று எழுதினால் நோட்டு வீண். 30 பிள்ளைகள் என்றால் ஆறு வாரத்தில் ஒரு சுற்று. மூன்றாவது சுற்றில் முதல் சுற்றைப் புரட்டும்போது "டு-வை மு என்கிறது" என்ற வரியைப் பார்த்து, இந்தப் பிள்ளையா என்று சந்தேகம் வரும். அந்த நோட்டு இல்லாவிட்டால் பிள்ளை தானாகப் படித்துக்கொண்டதாக நீங்களே நம்பிவிடுவீர்கள். பிள்ளை அடுத்த ஆசிரியரிடம் போகும்போது அந்த இரண்டு பக்கத்தையும் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறதே, இந்த வேலைக்கு எதிர்காலம் உண்டா?

குறைவது உண்மை. குடும்பங்கள் சிறுத்தன, ஊரைவிட்டுப் போகிறார்கள், தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வாசலுக்கே வருகிறது. வேனில் போகும் பிள்ளையின் வீட்டாரை ஈர்க்கப் பதாகை உதவாது. உங்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளை பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தினத்தந்தியைச் சத்தமாக வாசித்தால் அடுத்த ஜூனில் ஒன்றிரண்டு சேர்க்கை வரும். இருக்கும் பிள்ளைகளைப் பொறுத்து உபரி ஆசிரியர் என்று வேறு ஒன்றியத்துக்கு மாற்றப்படலாம் என்பதையும் தெரிந்தே வாருங்கள்.

பணி ஆணை வந்துவிட்டது. முதல் வாரம் கையில் என்ன இருக்க வேண்டும்?

ஈர்க்குச்சி 200, ரப்பர் பேண்டு ஒரு பொட்டலம், புளியங்கொட்டை அரைப்படி, கறுப்பு சிவப்பு மார்க்கர், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள் (இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை, பின்பக்கம் வெள்ளை, எழுத்து அட்டைக்குக் கச்சிதம்), பென்சில் சீவி மூன்று, மாற்று உடை ஒன்று முதல் வகுப்புப் பிள்ளைக்காக, அந்த 80 பக்க நோட்டு. ஒரு கத்தரிக்கோல். அதைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மேசைமேல் வைத்தால் முதல் நாளே யாராவது முடி வெட்டிக்கொள்வார்கள்.